பழைய ஸ்டுடியோ கண்ணாடி பேப்பர்வெயிட் சேர்க்கணுமா, முதல்ல கவுத்துப் பாருங்க

கண்ணாடி பேப்பர்வெயிட் ஒண்ணைக் கையில எடுத்தா எல்லாரும் மேல இருந்துதான் பார்ப்பாங்க. நானும் முதல் ஒரு வருஷம் அப்படிப் பார்த்துதான் வாங்கினேன், உள்ள இருக்கிற பூவும் கலரும் கண்ணை இழுத்துடும், அடியில என்ன இருக்குன்னு பார்க்கவே தோணாது. இப்ப எதை எடுத்தாலும் முதல் வேலையா கவுத்துடுறேன், ஏன்னா யார் செஞ்சது, எப்ப செஞ்சது, எவ்வளவு கவனமா செஞ்சது, அப்புறம் யாராவது கை வச்சிருக்காங்களா, இதுல முக்கால்வாசி அடிப்பக்கத்துலயே தெரிஞ்சிடுது. புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறதும் இதுதான், மீதி எல்லாம் இதைச் சுத்தித்தான் வரும்.

நான் இருக்கிறது கிளாஸ்கோ பக்கம், அதனால ஸ்காட்லாந்துல செஞ்ச வெயிட்டுகளை வச்சுத்தான் பெரும்பாலும் சொல்லப் போறேன். அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெயர் போட்டிருப்பாங்க, நம்பர் போட்டிருப்பாங்க, தர்மத்துக்காகப் பழைய சாமான் விக்கிற சாரிட்டி ஷாப்லயும், கார் டிக்கியில வச்சுப் பழைய சாமான் விக்கிற கார் பூட் சேல்லயும் இன்னும் சாதாரணமா கண்ணுல படுது.

முதல்ல கொஞ்சம் கதை, இது தெரியலைன்னா எதைத் தேடுறோம்னே புரியாது. பேப்பர்வெயிட்டுன்னாலே பழைய ஆளுங்க சொல்றது பிரான்ஸ்ல 1845ல இருந்து 1860 வரைக்கும் பக்காரா, செயின்ட் லூயி, கிளிஷி மூணு கம்பெனியும் செஞ்சதைத்தான். அதெல்லாம் இப்ப பெரிய ஏலத்துல போகுது, ஆரம்பத்துல அந்தப் பக்கமே போகாதீங்க, விலை மட்டும் காரணம் இல்ல, அதுல போலியும் ரிப்பேர் பண்ணதும் ஜாஸ்தி, நமக்கு இன்னும் கண்ணு பழகியிருக்காது. அந்தக் காலத்துக்கு அப்புறம் இந்த வித்தை ரொம்ப நாள் மங்கிப்போய்க் கிடந்துச்சு. அதைத் திரும்ப எழுப்பினவங்கள்ல முக்கியமான ஆள் பால் இஸார்ட். அவங்க அப்பா சால்வடார் இஸார்ட் பார்சிலோனாக்காரர், பிரான்ஸ் வழியா முதல் உலகப் போர் சமயத்துல ஸ்காட்லாந்து வந்து, கடைசியில பெர்த் ஊர்ல மான்கிரிஃப் கண்ணாடி ஃபேக்டரியில சேர்ந்தார், மோனார்ட்னு ஒரு கலர் கண்ணாடி வரிசையே அவராலதான் வந்தது. பையன் பால் 1930கள்லயே அங்க வேலை நேரம் போக மிச்ச நேரத்துல பேப்பர்வெயிட் செஞ்சு பழகிக்கிட்டார்.

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் சால்வடாரும் மத்த பசங்க வின்சென்ட், அகஸ்டின் ரெண்டு பேரும் தனியாப் போய் வசார்ட்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, அவங்க பெயரோட முதல் எழுத்துகளைச் சேர்த்து வச்ச பெயர் அது. 1960கள்ல அதுதான் கிரீஃப் ஊருக்குப் போய் ஸ்ட்ராத்தர்ன் கிளாஸ்னு ஆச்சு. அங்க மேனேஜரா இருந்தவர் ஸ்டூவர்ட் டிரைஸ்டேல், தொழில்ல வக்கீல். ஒரு அமெரிக்கப் பத்திரிகையில பழைய பிரெஞ்சு வெயிட்டுகளோட கலர் படங்களைப் பார்த்துட்டு, நாம செய்யுறது இதுக்குப் பக்கத்துலயே வராதுன்னு அவருக்குத் தோணிடுச்சு. 1968ல நல்ல கைவேலைக்காரங்க சில பேரைக் கூட்டிக்கிட்டு பெர்த்ஷைர் பேப்பர்வெயிட்ஸ்னு தனியா ஆரம்பிச்சார். அது 2002ல மூடிட்டாங்க. இன்னொரு பக்கம் விக் ஊர்ல 1961ல கெய்த்னஸ் கிளாஸ் ஆரம்பிச்சாங்க, பால் இஸார்ட் அங்க புதுப் பசங்களுக்குப் பயிற்சி குடுக்கப் போனார், பின்னாடி செல்கர்க் கிளாஸ் ஆரம்பிச்ச பீட்டர் ஹோம்ஸ், தன் பெயர்லயே வெயிட் செஞ்ச வில்லியம் மேன்சன் ரெண்டு பேரும் அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்கதான். ஆக ஒரே குடும்பம், ஒரே பட்டறைப் பரம்பரை, கிளை கிளையாப் பிரிஞ்சு போயிருக்கு. ஒரு வெயிட்டைப் பார்த்து இது எந்தக் கிளைன்னு கண்டுபிடிக்கிறதுலதான் எனக்கு ருசியே.

அமெரிக்காவுல இதே சமயம் வேற மாதிரி ஒண்ணு நடந்துச்சு. 1962 வரைக்கும் கண்ணாடின்னா ஃபேக்டரிதான், பெரிய உலை, பத்துப் பதினஞ்சு ஆளு, டிசைன் போடுறவர் ஒருத்தர் செய்யுறவர் இன்னொருத்தர். அந்த வருஷம் ஓஹையோவுல டொலிடோ மியூசியம் வளாகத்துல ஹார்வி லிட்டில்டன்னு ஒரு மண்பாண்டக் கலை ஆசிரியர், தனி ஆளே தன் இடத்துல சின்ன உலை வச்சுக் கண்ணாடி செய்யலாம்னு காட்டுறதுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். முதல்ல போட்ட கலவை சரியா உருகலை, டொமினிக் லபினோன்னு ஃபைபர்கிளாஸ் கம்பெனி ஆராய்ச்சியாளர் ஒருத்தர் அவங்க தொழில்ல உருக்குற கண்ணாடி கோலிக்குண்டுகளைப் போடச் சொன்னார், அது வேலை செஞ்சுது. ஸ்டுடியோ கிளாஸ்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே அதுல இருந்துதான். அதுக்கு அப்புறம் கலிஃபோர்னியாவுல 1970கள்ல லண்ட்பர்க் ஸ்டுடியோஸ், ஓரியண்ட் அண்ட் ஃபிளூம் எல்லாம் வந்தது.

சரி, எப்படிச் செய்யுறாங்கன்னு தெரிஞ்சா எப்படிப் பார்க்கணும்னு தானா வந்துடும். மில்லிஃபியோரின்னு சொல்ற சின்னச் சின்னப் பூ வட்டங்கள் இருக்குல்ல, அது பெயின்ட் இல்ல. கலர் கண்ணாடியை அடுக்கடுக்கா அச்சுல வச்சு ஒரு தடிமனான உருளை பண்ணி, சூடு ஏத்தி, ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு எதிரெதிரா நடப்பாங்க, ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டு பென்சில் கனத்துக்குக் குச்சியா ஆயிடும். உள்ள இருக்கிற டிசைன் அப்படியே சுருங்கிக் குச்சி முழுக்க ஓடும். அதைக் குறுக்க நறுக்குவாங்க, வெண்டைக்காயைக் குறுக்க நறுக்கினா ஒவ்வொரு வில்லையிலும் அதே நட்சத்திரம் தெரியும்ல, அப்படியே. இந்த வில்லைக்குப் பெயர்தான் கேன். கேன்களை அச்சுல ஒவ்வொண்ணா இடுக்கியால அடுக்கி, சூடு பண்ணி, உருகின கண்ணாடி உருண்டையால அதை ஒட்டித் தூக்கி, மேல இன்னும் தெளிவான கண்ணாடியை எடுத்து மூடி, ஈரமான மரக்குழிக் கரண்டியில உருட்டி வடிவம் கொண்டுவருவாங்க. அப்புறம் மெதுவா, மணிக்கணக்குல ஆற வைக்கணும், அவசரப்பட்டா வெடிச்சுடும். கலர் கண்ணாடியும் தெளிவான கண்ணாடியும் ஒரே அளவுல சுருங்கலைன்னாலும் உள்ளயே விரிசல் விடும்.

லாம்ப்வொர்க்குங்கிறது வேற, அதுல பர்னர் ஜுவாலையில கண்ணாடிக் குச்சியை உருக்கி இதழ், தண்டு, தும்பின்னு தனித்தனியா செஞ்சு உள்ள வைப்பாங்க. நியூஜெர்சியில இருக்கிற பால் ஸ்டான்கார்ட் இதுல உச்சம். அவர் முதல்ல ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான் செய்யுற தொழில்ல பத்து வருஷம் இருந்தவர். அவரோட வெயிட்டுல வேருக்கு நடுவுல சின்ன மனுஷ உருவங்கள் இருக்கும், விதை, மகரந்தம்னு பொடி எழுத்துல வார்த்தைகள் இருக்கும், லென்ஸ் இல்லாம பார்க்கவே முடியாது. விலை என் கைக்கு எட்டாது, மியூசியத்துல பார்க்கிறதோட சரி.

இப்ப அடிப்பக்கத்துக்கு வருவோம்.

வெயிட்டைச் செய்யும்போது அது ஒரு இரும்புக் கம்பியோட முனையில ஒட்டிக்கிட்டு இருக்கும், கடைசியில தட்டி உடைச்சு எடுப்பாங்க. அந்த உடைஞ்ச தழும்புக்குப் பெயர் பாண்டில். அதை என்ன பண்ணியிருக்காங்கன்னு பாருங்க. அப்படியே சொரசொரப்பா விட்டிருக்காங்களா, குழியா அரைச்சு பாலிஷ் போட்டிருக்காங்களா, இல்ல மொத்த அடியையும் தட்டையா அரைச்சிருக்காங்களா. பெர்த்ஷைர் வெயிட்டை எடுத்தா அடி கண்ணாடி மாதிரி வழவழன்னு, லேசாக் குழிஞ்சு, விளிம்பு ஒரே சீரா இருக்கும். ஸ்ட்ராத்தர்ன் வெயிட்டு பலதுல பாண்டில் மேல துள்ளுற சால்மன் மீன் முத்திரை அழுத்தியிருப்பாங்க, அதைப் பார்த்தா கேள்வியே வேண்டாம். இங்கிலாந்துல ஐல் ஆஃப் வைட்ல மைக்கேல் ஹாரிஸ் 1973ல ஆரம்பிச்ச ஸ்டுடியோவோட பழைய வெயிட்டு பலதுல தீ ஜுவாலை மாதிரி ஒரு முத்திரை இருக்கும். கெய்த்னஸ்ல அடியில எழுத்துப் பொறிச்சிருப்பாங்க, கம்பெனி பெயர், டிசைன் பெயர், லிமிடெட் எடிஷனா இருந்தா நம்பர். கலிஃபோர்னியாக்காரங்க பெரும்பாலும் அடியில கையாலயே பெயரும் வருஷமும் கீறியிருப்பாங்க.

பொறிச்ச எழுத்து பழசானா தேய்ஞ்சு கண்ணுக்கே தெரியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு, அடியில வாயால ஆவி ஊதுங்க, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவோம்ல அந்த மாதிரி, ஆவி மறையுற அந்த ரெண்டு மூணு செகண்டுல எழுத்து வேற மாதிரித் தெரியும். உடனே சாய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஒரு தடவையில படிக்க முடியலைன்னா திரும்ப ஊதுங்க.

அடியில பச்சைத் துணி, அதாவது ஃபெல்ட் ஒட்டியிருந்தா நிறைய பேர் அப்படியே விட்டுடுறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கார் பூட் சேல்ல, நட்டு போல்ட்டு கிடந்த ஒரு டப்பாவுக்குள்ள ஒரு ஊதாக் கலர் வெயிட் கிடந்துச்சு, உள்ள சுழல் மாதிரி ஒரு டிசைன், நடுவுல ஒரே ஒரு நீர்க்குமிழி. அடி முழுக்கப் பச்சை ஃபெல்ட், ஓரம் சுருண்டு அழுக்கேறி இருந்துச்சு. 4 பவுண்டு கேட்டாங்க, குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து ஓரத்துல வெதுவெதுப்பான தண்ணியைப் பஞ்சுல தொட்டுத் தொட்டு வச்சேன், பழைய கோந்து ஊறி ஜவ்வா ஆச்சு, நகத்தால மெதுவாத் தூக்கினா மொத்தத் துணியும் ஒரே தோலா உரிஞ்சு வந்துச்சு. அதுக்குக் கீழ கெய்த்னஸ், ஸ்காட்லாந்துன்னு எழுத்து, பக்கத்துல நம்பர், புதுசு மாதிரி, ஏன்னா அத்தனை வருஷமும் துணி அதை மேசையில உரசாம காப்பாத்தியிருக்கு. ஆனா இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், அடியில பெரிய சிப்பு விழுந்திருந்தா, அதாவது கண்ணாடி பேர்ந்திருந்தா, அதை மறைக்கவும் ஃபெல்ட் ஒட்டுவாங்க. அதனால ஃபெல்ட் இருக்கிற வெயிட்டுக்கு சிப்பு இருக்குன்னு நினைச்சுக்கிட்டே விலை பேசுங்க.

தேய்மானமும் பாருங்க. முப்பது நாப்பது வருஷம் மேசையில இருந்த வெயிட்டுக்கு, தரையில படுற அந்த வளையத்துல மட்டும் பொடிப்பொடிக் கீறல் இருக்கும், எல்லாத் திசையிலயும் தாறுமாறா. கீறல் எல்லாம் ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தாலோ, மேசையைத் தொடவே தொடாத குழிக்குள்ள கீறல் இருந்தாலோ யாரோ உப்புத்தாள் போட்டிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

அடியில எதுவுமே இல்லையா, அப்ப உள்ள தேடுங்க. நல்லா வேலை தெரிஞ்சவங்க கையெழுத்தைக் கேனுக்குள்ளயே வச்சிடுவாங்க. பெர்த்ஷைர் ஆங்கில பி எழுத்து வைக்கும், சிலதுல வருஷமும் சேர்ந்து இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் டீக்கன்ஸ் தன்னோட ரெண்டு முதல் எழுத்தையும் வைப்பார். லண்டன் பக்கம் இருந்த வைட்ஃப்ரையர்ஸ், 1980ல மூடினாங்களே அந்தக் கம்பெனி, ஒரு சின்னத் துறவி உருவம் வைக்கும். பால் இஸார்ட் பி ஒய்ன்னு ரெண்டு எழுத்து. அடியில இருந்தும் பாருங்க, மேல இருந்தும் பாருங்க, சில சமயம் கையெழுத்துக் கேன் டிசைனோட ஓரத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, நகைக்கடையில வைரம் பார்க்க வச்சிருப்பாங்களே அது, இந்தப் பழக்கத்துக்கு வேற எந்தச் செலவும் பண்ணலைன்னாலும் இதை மட்டும் பண்ணிடுங்க.

ஆனா எழுத்தை மட்டும் நம்பி காசைக் குடுத்துடாதீங்க. போலி பி ஒய் போட்ட வெயிட்டெல்லாம் சந்தையில வந்திருக்கு. கையெழுத்துக்கு பதிலா மத்த கேன்களைப் பாருங்க, ஒவ்வொரு பட்டறைக்கும் அவங்க அச்சு, அவங்க கலர் பழக்கம்னு இருக்கும், அந்த எழுத்துக்குச் சுத்தி இருக்கிற பூக்கள் நிச்சயமா அவரோடதுன்னு தெரிஞ்ச வெயிட்டுகள்லயும் இருக்கான்னு ஒப்பிடுங்க. அதே மாதிரி 1848ன்னு வருஷம் உள்ள இருந்தா உடனே பிரெஞ்சு வெயிட்டுன்னு துள்ளாதீங்க, நம்பர் போட்ட கேனை யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் இழுக்கலாம்.

எனக்கே இதுல ஒரு அடி விழுந்திருக்கு. ஆன்லைன்ல ஒருத்தர் பழைய பிரெஞ்சுன்னு போட்டிருந்த ஒரு வெயிட்டை, மேல இருந்து எடுத்த ரெண்டே போட்டோவை நம்பி நல்ல காசு குடுத்து வாங்கினேன். வந்ததும் கவுத்துப் பார்த்தேன், அடி தட்டையா, பாலிஷ் இல்லாம, பச்சை ஓடின கண்ணாடி. பக்கவாட்டுல பிடிச்சா இன்னும் மோசம், மேல் வளைவு சப்பையா இருக்கு, கேன்கள் கண்ணாடியோட மேல்தோலுக்கு ஒட்டின மாதிரி நிக்குது, அதாவது மேல பெரிய சிப்பு விழுந்ததை யாரோ அரைச்சு அரைச்சுப் பாலிஷ் போட்டுத் தள்ளியிருக்காங்க. பெரும்பாலும் சீனாவுல செஞ்சதா இருக்கணும், அங்க 1930கள்லயே பிரெஞ்சு டிசைனைக் காப்பி அடிச்சிருக்காங்க. திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டார். அந்த ஒண்ணை நான் விக்கலை, புதுசா வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கே வச்சிருக்கேன்.

அதனால ஆன்லைன்ல வாங்குறதுன்னா நாலு போட்டோ கேளுங்க. நேர் மேல இருந்து ஒண்ணு, அடி ஒண்ணு, கண் மட்டத்துல பக்கவாட்டுல ஒண்ணு, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு ஒண்ணு. விட்டமும் கேளுங்க. சாதாரண வெயிட்டு ரெண்டரை இஞ்ச்ல இருந்து 3.25 இஞ்ச் வரைக்கும் இருக்கும், அதுக்கு மேல போனா மேக்னம்னு சொல்வாங்க, 2 இஞ்ச்க்குக் கீழ மினியேச்சர். போட்டோவுல பெரிசா தெரிஞ்சு வீட்டுக்கு வரும்போது எலுமிச்சம்பழம் அளவுல வந்து நிக்கும். பக்கவாட்டுப் போட்டோ தர மாட்டேன்னு இழுத்தடிச்சா விட்டுடுங்க, இன்னொண்ணு வரும். முரானோன்னு, அதாவது கண்ணாடிக்குப் பேர் போன இத்தாலித் தீவோட பெயர், எழுதியிருந்தா அதுக்குக் காசு சேர்த்துக் குடுக்காதீங்க, கலர் கலரா எது இருந்தாலும் முரானோன்னு எழுதிடுறாங்க. ஸ்டைல்ங்கிற வார்த்தை பெயருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்தா அது அந்தப் பெயர்க்காரர் செஞ்சது இல்லைன்னே எடுத்துக்கோங்க. ஏலத்துல எடுக்குறதா இருந்தா சுத்தியல் விழுற விலைக்கு மேல ஏலக்கம்பெனி கமிஷன் இருக்கு, பல இடத்துல 20 சதவீதத்துக்கு மேல, அதுக்கு வரி வேற, எல்லாம் கூட்டிப் பார்த்துட்டுக் கையைத் தூக்குங்க.

நேர்ல வாங்கும்போது சிப்பு பார்க்க கண்ணைவிட விரல் நல்லது. கண்ணை மூடிக்கிட்டு கட்டை விரலை மேல் வளைவு முழுக்க மெதுவா ஓட்டுங்க, அப்புறம் அடி விளிம்பு சுத்தி. வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறதுல கண்ணு ஏமாந்துடும், விரல் ஏமாறாது. அப்புறம் சாய்வான வெளிச்சத்துல பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு உள்ளுக்குள்ள தெரியுதான்னு பாருங்க, வெளிய வழவழன்னே இருக்கும் ஆனா எங்கயோ இடிச்சு உள்ள அடிபட்டிருக்கும். அது பாலிஷ்ல போறதும் கஷ்டம், ஆழமா இருந்தா போகவே போகாது. மேல் கீறல் லேசா இருந்தா எனக்குக் கவலை இல்ல, அதுக்காக ஒரு நல்ல வெயிட்டை விட மாட்டேன். உள்ள இருக்கிற குறை வேற விஷயம், ஒரு கேன் சரிஞ்சு கிடக்கிறது, பூவுக்கு மேல தேவையில்லாம ஒரு குமிழி, கரித்துகள், மொத்த டிசைனும் ஒரு பக்கமா ஒதுங்கினது, இதெல்லாம் பட்டறையிலயே வந்த குறை, நல்ல கம்பெனிங்க அந்த மாதிரியை செகண்ட்ஸ்னு தள்ளிடுவாங்க. கெய்த்னஸ்ல சிலதுக்கு அடியில அதுக்கான அடையாளக் கீறலும் இருக்கும். செகண்ட்ஸ் வாங்குறது தப்பில்ல, செகண்ட்ஸ் விலையில வாங்கணும், அவ்வளவுதான்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, கெய்த்னஸ். அங்க காலின் டெரிஸ் 1969ல கிரகங்கள்னு நாலு வெயிட் செட் ஒண்ணு கொண்டு வந்தார், பூ வைக்கிற பழைய பாணியை விட்டுட்டு விண்வெளி, தண்ணி, சுழல்னு முழுக்கப் புதுசாப் போனார். அந்தக் கிரக செட் கிடைக்கிறது கஷ்டம், ஆனா மூன்ஃபிளவர் மாதிரி கணக்கில்லாம செஞ்ச டிசைன்கள் மலிவாவே கிடைக்கும். ரெண்டு மூணு வாங்கிக் கையில வச்சுப் பாருங்க, கனம் எப்படி இருக்கு, அடி எப்படி அரைச்சிருக்கு, நகர்த்தும்போது உள்ள இருக்கிறது எப்படிப் பெரிசாகிச் சிறுசாகுதுன்னு விரலுக்கும் கண்ணுக்கும் பழகிடும். லிமிடெட் எடிஷன் நம்பரைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம். ஆயிரம்னு அறிவிச்சாங்கன்னா ஆயிரமும் செஞ்சாங்கன்னு அர்த்தம் இல்ல, விக்கலைன்னா நிறுத்திடுவாங்க. நம்பர் 1ங்கிறதால அது 400ஐ விட அழகா இருக்கப் போறதும் இல்ல. பெட்டியும் சர்டிஃபிகேட்டும் கூட வந்தா நல்லது, தூக்கிப் போட்டுடாதீங்க.

என் மனசு போறது என்னமோ பெர்த்ஷைர் சின்ன மில்லிஃபியோரி பக்கம்தான். என்கிட்ட ஒண்ணு இருக்கு, ரெண்டரை இஞ்ச் கூட இருக்காது, கருநீலத் தரை மேல வட்டம் வட்டமா கேன்கள். லென்ஸ் வச்சா ஒவ்வொரு கேனுக்குள்ளயும் பல்சக்கரம் மாதிரி ஒரு வளையம், அதுக்குள்ள ஒரு நட்சத்திரம், அந்த நட்சத்திரத்தோட நடுவுல குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளி. வெளி வட்டத்துல ஒரு இடத்துல ரெண்டு கேனுக்கு நடுவுல மயிரிழை இடைவெளி விட்டிருக்கு, யாரோ ஒருத்தர் இடுக்கியால வச்சுக்கிட்டே வந்து கடைசிக் கேன் சரியா முட்டாம நின்ன இடம் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை எனக்குத் தெரியுற மாதிரி இருக்கும்.

பத்து வெயிட்டுக்கு மேல சேர்ந்ததும் ஒரு நூலைப் பிடிச்சுக்கோங்க, ஒரே பட்டறையோ, ஒரே கலரோ, இஸார்ட்கிட்ட கத்துக்கிட்டவங்க மட்டுமோ. இல்லைன்னா அலமாரி நிறையும், ஆனா ஒண்ணுக்கொண்ணு பேசாது. கூடவே ஒரு நோட்டு போடுங்க, எங்க வாங்கினது, என்னைக்கு, என்ன விலை, விட்டம், எடை, அடியில என்ன எழுத்து, எங்க சிப்பு. அடிப்பக்கப் போட்டோவையும் சேர்த்து வைங்க. நாளைக்கு யார் செஞ்சதுன்னு தெரியாத ஒண்ணு கையில வந்தா அந்தப் போட்டோக்களோட ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அதோட அருமை தெரியும்.

கழுவுறது சுலபம், ஆனா சிங்க்ல டவல் விரிச்சுட்டுக் கழுவுங்க, சோப்புக் கை வழுக்கும், மோதிரத்தைக் கழட்டிடுங்க. வெதுவெதுப்பான தண்ணி போதும், சுடுதண்ணி கூடாது, டிஷ்வாஷர் கூடவே கூடாது, கண்ணாடி கனமா இருக்கிறதால வெளிப்பக்கம் சூடாகி உள்ள ஜில்லுன்னு இருந்தா விரிசல் விட்டுடும். குளிர்காலத்துல பார்சல் வந்தா உடனே பிரிச்சு ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க, பெட்டியோட அறையில சில மணி நேரம் இருக்கட்டும். காகித லேபிள் இருந்தா அதுல தண்ணி படவே கூடாது, அந்த லேபிள்தான் சில வெயிட்டுக்கு இருக்கிற ஒரே அடையாளம்.

பார்சல்ல அனுப்புறவங்ககிட்ட ரெண்டு வெயிட்டை ஒரே பொட்டலத்துல சுத்தாதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. எனக்கு வந்த ஒரு ஜோடி நடுவுல ஒரே ஒரு சுத்து பபிள் ராப்போட வந்துச்சு, வழி முழுக்க ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டே வந்து ரெண்டுலயும் மேல் வளைவு போச்சு. அலமாரியிலயும் அப்படித்தான், ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைங்க, எடுக்கும்போது பக்கத்துல இருக்கிறதுல லேசா மோதினாலே பிறைக்கோடு விழுந்துடும்.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் அலட்சியமா விடாதீங்க. வெயில் நேரா விழுற ஜன்னல்ல பேப்பர்வெயிட்டை வைக்கவே வைக்காதீங்க. அந்த மேல் வளைவு ஒரு லென்ஸ், சின்ன வயசுல பூதக்கண்ணாடியில வெயிலைக் குவிச்சுக் காகிதத்தைப் பொசுக்கியிருப்போம்ல, அதே வேலையை இது யாரும் இல்லாத நேரத்துல மேசை மேல பண்ணும், இப்படி வீட்டுல தீப்பிடிச்சது உண்டு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்ல அலமாரி இருந்தாலும் குளிர்காலத்துல சூரியன் தாழ்ந்து வரும்போது வெளிச்சம் எதுவரைக்கும் வருதுன்னு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. என் அலமாரியில மூணாவது தட்டு வரைக்கும் டிசம்பர்ல வெயில் எட்டுது, அதனால அந்தத் தட்டுல இப்ப நோட்டும் சர்டிஃபிகேட் பெட்டியும்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு தடிமனான துணி தொங்குது.